பஞ்சே பறக்காத தெரு

போடிப் பக்கத்தில் ஓர் ஊர். அங்கே மேகம் தரையிலேயே மிதக்கும். இலவம்பஞ்சு மில்லிலிருந்து கிளம்பும் பஞ்சு தெருத்தெருவாக அலைந்து, கோழி முதுகிலும் டீ கிளாஸிலும் மெத்தென்று இறங்கும். பார்த்தால் சொப்பனம் மாதிரி இருக்கும். மூச்சுதான் விட முடியாது.

ஊரார் மனுப் போட்டார்கள். அதிகாரி விசாரிக்க வரும் அன்று, மில் முதலாளி ரெங்கராசு மோட்டார் சைக்கிளைப் பேச்சியின் மெக்கானிக் கடைக்கு உருட்டி வந்தார். அந்தக் கடைக் கட்டடமும் அவருடையதுதான்.

"வண்டி இழுக்க மாட்டேங்குது, பாரு. அதிகாரி கேட்டா, இங்க பஞ்சே பறக்கலைன்னு சொல்லணும். இல்லேன்னா நாளைக்கே கடையைக் காலி பண்ணு."

"நீங்க சொன்னா சரிதான் முதலாளி" என்றாள் பேச்சி.

அதிகாரி வந்தார். "எங்க ஊர்க் காத்து பளிங்கு மாதிரி சார்" என்று முதலாளி அளந்துகொண்டிருந்தார். பேச்சி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவள் கையில் தலையணை போலப் பஞ்சு அடைத்த ஏர் ஃபில்டர்.

"காத்துதான் சுத்தமாச்சே, இது எதுக்குன்னு கழட்டிட்டேன் முதலாளி."

முதலாளி பதறிப்போனார். "அடிப்பாவி! ஃபில்டர் இல்லாம இந்தப் பஞ்சுல ஓட்டினா இன்ஜின் என்னத்துக்கு ஆகும்?"

ஒரு துளிப் பஞ்சு ஆடி அசைந்து வந்து அதிகாரியின் கண்ணாடிமேல் உட்கார்ந்தது.

"எந்தப் பஞ்சு?" என்றார் அவர்.

முதலாளி குனிந்து வண்டியின் இன்ஜினைத் தடவிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க முதலாளி, இது பழசு" என்றாள் பேச்சி. "வண்டிக்குப் புதுசு மாட்டியாச்சு. எங்க மூக்குக்குத்தான் கடையில சைஸ் கிடைக்கல."