பேசியவர்கள் பட்டியல்

"டீச்சர், உங்க பிள்ளைங்கள கொஞ்சம் அடக்கி வைக்கக் கூடாதா?"

தங்கையா சார் இரண்டாம் வகுப்பு ஆ பிரிவின் வாசலில் நின்று கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய அ பிரிவு.

கேள்வியே பிரிசில்லா டீச்சர் காதில் விழவில்லை. உள்ளே முப்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன.

"இல்ல டீச்சர், அவ தப்பா எண்ணுதா!"

"நான் ஒண்ணும் தப்பா எண்ணல. நீதாம்ல ஒரே கல்ல ரெண்டு தரம் எண்ணுன!"

"என்ன சார்?" என்று காதருகே கையைக் குவித்தார் டீச்சர்.

"ஒண்ணுமில்ல, நடத்துங்க" என்று சார் திரும்பிப் போய்விட்டார்.

அது திங்கட்கிழமை.

*

தங்கையா சாரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மனுஷர். கையில் பிரம்பு எடுத்ததில்லை. ஒரு பிள்ளையைக்கூட அடித்ததில்லை. இருபத்தாறு வருஷ சர்வீஸ். அவர் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும் என்று ஊரே சொல்லும். ஊர் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார்.

அடிக்காமல் எப்படி சார் இந்த அமைதி என்று கேட்டால் கரும்பலகையைக் காட்டுவார்.

வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தலைப்பு: பேசியவர்கள்.

சார் வெளியே போனால் கிளாஸ் லீடர் சாக்பீஸோடு பலகை அருகே நிற்பாள். மற்ற பிள்ளைகள் வேலையை முடித்துவிட்டு வலக்கை விரலை உதட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரிடமிருந்து சத்தம் வந்தாலும், யார் விரலை எடுத்தாலும் அந்தப் பெயர் பலகையில் ஏறும். மறுபடி செய்தால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மூன்று குறியைத் தாண்டினால் 'அடங்கவில்லை' என்று எழுத வேண்டும்.

'அடங்கவில்லை' வாங்கிய பிள்ளைக்கு அன்றைக்கு விளையாட்டு பீரியட் கிடையாது. வேறு தண்டனை இல்லை. ஏழு வயதுக்கு அது போதாதா?

நம்மில் பாதிப் பேர் அப்படிப் பெயர் ஏறி வந்தவர்கள்தான். மீதிப் பேர் எழுதியவர்கள்.

*

செவ்வாய்க்கிழமை மதியம் சார் மறுபடி வந்தார். இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்க சார்."

"அரையாண்டுப் பரீட்சைல கணக்கக் கொஞ்சம் மாத்திக் கேட்டிருந்தாங்கல்லா. மரத்துல பதினாலு கிளி இருந்துச்சு, அஞ்சு பறந்துட்டுன்னு. உங்க பிள்ளைங்க அடிச்சுப் பிடிச்சு போட்டுட்டுதுங்க. எம் பிள்ளைங்க பென்சிலக் கீழ வச்சுட்டு என் முகத்தையே பாத்துட்டு இருக்கு. நான் நடத்துன கணக்கா இருந்தா அச்சுப் பிசகாம போடும். ஒரு வார்த்தைய மாத்துனா போதும், உக்காந்துரும்."

டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க வகுப்பு சந்தைக்கடை. என் வகுப்பு கோயில் மாதிரி. பின்ன எப்படி டீச்சர்?"

கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில், தன்னைவிட இருபது வயது குறைந்த ஒருவரிடம் வந்து இப்படிக் கேட்க ஒரு மனசு வேண்டும். அது அவருக்கு இருந்தது.

டீச்சர் மேஜை டிராயரைத் திறந்தார். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினார். புது நோட்டு.

"இதுல என்ன எழுத?"

"உங்க பிள்ளைங்க உங்ககிட்ட என்னென்ன கேக்குதோ, அத எழுதிட்டு வாங்க. நீங்க அதுங்ககிட்ட கேக்குறது வேண்டாம்."

"பதிலும் எழுதணுமா?"

"பதில் வேண்டாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

சாருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஏதோ பெரிய வித்தை சொல்லப் போகிறார் என்று நினைத்து வந்தவர். ஆனாலும் நோட்டை வாங்கிக்கொண்டார். வாங்கிய வேலையைச் செய்யாமல் விடும் ஆள் இல்லை அவர்.

*

புதன்கிழமை ஆறு கேள்வி எழுதினார்.

வியாழக்கிழமை கழித்தல் ஆரம்பித்தார். ஆளுக்குப் பதினாறு புளியங்கொட்டை கொடுத்தார். பிள்ளைகள் எண்ணத் தொடங்கியதும் டெஸ்க்கெல்லாம் கலகலவென்று சத்தம் எழுந்தது. சாருக்கு அது தாங்கவில்லை.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. எடுத்த கொட்டைய டெஸ்க்ல போடக் கூடாது. இடக்கைக்குள்ள பொத்தி வச்சுக்கணும். ஒண்ணு கீழ விழுந்து சத்தம் கேக்கக் கூடாது, என்ன?"

"சரிங்க சார்."

சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து இசக்கிப்ரியா அவர் மேஜைக்கு வந்தாள். வகுப்பிலேயே சின்ன உருவம். ஜூன் மாதத்திலிருந்து ஒரு தரம்கூட அவள் பெயர் பலகையில் ஏறியதில்லை.

பொத்திய இடக்கையை அவர் முன்னால் நீட்டினாள். கையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"என்னம்மா?"

அவள் உதடு அசைந்தது. பிறகு வழக்கமானதைக் கேட்டாள்.

"சார், ஒண்ணுக்குப் போகட்டுமா?"

"போயிட்டு வா."

சார் நோட்டில் அதை எழுதினார். பதினோராவது கேள்வி.

அவள் வெளியே போகவில்லை. தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். சார் அதைப் பார்த்தார். அதை எழுதவில்லை.

*

வெள்ளிக்கிழமை மூன்றாம் பீரியட்.

"பதினாறுல ஒன்பது போனா மீதி எத்தனை? போட்டு வைங்க, இதோ வாரேன்."

லீடர் பவதாரிணியைப் பலகை அருகே நிறுத்திவிட்டு, நோட்டோடு வராந்தாவுக்கு வந்தார். ஆ பிரிவுப் பிள்ளைகள் தூரத்தில் வேப்பமரத்தடியில் இலை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தூணில் சாய்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சார் நோட்டைக் கொடுத்தார். டீச்சர் படித்தார்.

சார், ஒண்ணுக்குப் போகட்டுமா?

சார், தண்ணி குடிக்கட்டுமா?

சார், பென்சில் சீவட்டுமா?

சார், ஒண்ணுக்குப் போகட்டுமா?

சார், ஒண்ணுக்குப் போகட்டுமா?

மொத்தம் பத்தொன்பது வரி.

"வேற எதுவும் கேக்கலையா சார்?"

"கேக்கல. ஒண்ணு விடாம எழுதியிருக்கேன்."

டீச்சர் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். சிரிப்பார் என்று நினைத்தார் சார். அவர் சிரிக்கவில்லை.

"இதுல என்ன இருக்கு டீச்சர்? எனக்கு ஒண்ணும் விளங்கல."

உள்ளே யாரோ இருமினார்கள். சின்ன இருமல். உடனே பலகையில் சாக்பீஸ் உரசும் சத்தம் கேட்டது.

"பேரு ஏறுது" என்றார் சார். அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பவதாரிணி லேசுப்பட்டவ இல்ல. இருமுனாகூட விடமாட்டா."

மறுபடி சாக்பீஸ். சின்னதாக இரண்டு கோடு.

"பெருக்கல் குறி."

"இப்ப என்ன நடக்கு சார் உள்ள?"

"புளியங்கொட்டை வச்சு கழித்தல். நான் இங்க வந்து அஞ்சு நிமிஷம் இருக்கும்லா? கேளுங்களேன். முப்பத்திரண்டு பிள்ளைங்க, ஆளுக்குப் பதினாறு கொட்டை. ஒரு கொட்டை உருளுத சத்தம் கேக்குதா?"

கேட்கவில்லை. சாக்பீஸ் மட்டும் கேட்டது. இரண்டு கோடு. கொஞ்சம் விட்டு, மறுபடி இரண்டு கோடு. மறுபடியும்.

"நாலாயிட்டு. இனிமே 'அடங்கவில்லை'தான். யாரா இருக்கும்? இன்னைக்கு விளையாட்டு போச்சு பாவம்."

சாக்பீஸ் இப்போது நீளமாக எழுதியது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

டீச்சர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சார், இருமலுக்கு அப்புறம் எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே. எதுக்கு எழுதுதா?"

சாரின் சிரிப்பு அப்படியே நின்றது.

டீச்சர் ஓடினார். நோட்டு வராந்தாவில் விழுந்தது.

*

பேசியவர்கள்.

இசக்கிப்ரியா × × × × அடங்கவில்லை.

பலகையில் அவ்வளவுதான் இருந்தது.

மூன்றாவது வரிசையில் இசக்கிப்ரியா டெஸ்க்கின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. வலக்கை டெஸ்க்கைத் தட்டப் போய்ப் பாதியில் விழுந்த மாதிரி கிடந்தது.

அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை. அந்தப் பக்கம் ஒரு பிள்ளை. இரண்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. உதட்டில் விரல்.

முன்னால் இருந்த பிள்ளைகள், பின்னால் இருந்த பிள்ளைகள், எல்லோருக்கும் உதட்டில் விரல்.

தங்கையா சார் வாசலோடு நின்றுவிட்டார். ஐயோ என்று கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

டீச்சர் பிள்ளையை வாரி எடுத்துத் தன் தொடையில் தலைகீழாகக் கவிழ்த்தார். முதுகில் ஓங்கித் தட்டினார்.

வாயிலிருந்து எச்சிலோடு ஒரு புளியங்கொட்டை விழுந்தது. இன்னொன்று விழுந்தது. மூச்சு வரவில்லை.

"கத்துட்டி! கத்து! கத்திரும்மா!"

மறுபடி தட்டினார். மறுபடி. மறுபடி.

மூன்றாவது கொட்டை தெறித்து சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அதன் பிறகுதான் இசக்கிப்ரியா மூச்சை இழுத்தாள். இழுத்தவள் அலறினாள். அந்த அறை அப்படி ஓர் அலறலைக் கேட்டதே இல்லை.

"ஏசுவே" என்று டீச்சர் அவளை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

பிள்ளையின் இடக்கை அப்போதும் பொத்தியே இருந்தது. டீச்சர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். உள்ளே ஆறு கொட்டை. அந்தக் கைக்கு ஆறுதான் கொள்ளும். மீதி மூன்றை அவள் வாய்க்குள் வைத்திருந்தாள்.

டெஸ்க்கில் ஏழு கொட்டை வரிசையாக இருந்தது. சிலேட்டில் 7 என்று எழுதியிருந்தாள். விடை சரி.

அவள் தேம்பலுக்கு நடுவே சாரைப் பார்த்தாள்.

"சார், கொட்டை கீழ விழுந்துட்டு சார். நான் வேணும்னு போடல சார்."

தங்கையா சார் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தபடியே கேட்டார்.

"பவதாரிணி, ஏன்மா என்னயக் கூப்பிடல?"

"பலகைய விட்டு நகரக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க சார்."

"வேற யாருமே பாக்கலையா? பாத்தவங்க கையத் தூக்குங்க."

முதல் வரிசையில் ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. கடைசி வரிசை வரைக்கும் அத்தனை கையும் எழுந்தது. அத்தனையும் இடக்கை. பொத்திய கை. வலக்கை விரல் அப்போதும் உதட்டில்தான் இருந்தது.

யார் கையிலிருந்தும் ஒரு கொட்டைகூடச் சிந்தவில்லை.

சார் அந்தக் கைகளைப் பார்த்தார். பார்க்க முடியாமல் பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். அங்கே பவதாரிணி நின்றுகொண்டிருந்தாள்.

இசக்கிப்ரியா இன்னும் அழுதுகொண்டிருந்தாள். சத்தமாக, நிறுத்தாமல்.

பவதாரிணியின் கை பழக்கத்தில் மேலே போனது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில், 'அடங்கவில்லை'யைத் தாண்டி, சாக்பீஸ் நின்றது. அவள் திரும்பினாள். அவள் கன்னம் முழுக்க நனைந்திருந்தது. எப்போதிலிருந்து அழுகிறாளோ, ஒரு சத்தமும் இல்லாமல்.

"சார், அழுதாலும் போடணுமா சார்?"



பிரிசில்லா டீச்சர் இசக்கிப்ரியாவைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாசலைத் தாண்டியவர், வராந்தாவில் கிடந்த நோட்டைக் குனிந்து எடுத்தார். திரும்பி வந்து அதை சாரின் மடியில் வைத்தார்.

"எழுதிக்கோங்க சார். இது இருபதாவது."