நகக்கண்ணால் அளந்த நஞ்சுண்டர்

முன்னொரு காலத்தில் மேகலகிரி நாட்டைச் சண்டகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்குப் பல்லக்கு கொடுப்பான். மத்தியானம் அதே ஆளைப் பல்லக்குத் தூக்கச் சொல்வான். அப்பேர்ப்பட்டவனின் ஒரே மகள் ஒருநாள் கைகால் வெட்டி இழுத்துப் படுத்துவிட்டாள்.

அதற்கு மருந்து கருநாகவேர்ப் பொடி ஒன்றுதான். அளவு, ஒரு குன்றிமணி எடையில் நூறில் ஒரு பங்கு. கூடினால் உயிர் போகும். குறைந்தால் இழுப்பு நிற்காது. அரண்மனைத் தட்டானின் தராசோ குன்றிமணிக்குக் கீழே நிறுக்காது.

ராஜவைத்தியர் நஞ்சுண்டர் மீசையை நீவினார். "தராசு எதற்கு மகாராஜா? நகக்கண்ணில் எடுத்தால் நூறில் ஒன்று. முப்பது வருஷக் கை இது!"

அவரிடம் மருந்தரைக்கும் குழலி முன்னே வந்தாள். அந்தக் குழந்தைமேல் அவளுக்கு உயிர். "நான் நிறுத்தே தருகிறேன், மகாராஜா" என்று சொல்லிவிட்டாள்.

"இல்லாத எடைக்கல்லாலா?" என்று சிரித்தார் நஞ்சுண்டர்.

"தப்பினால் தலை இருக்காது" என்றான் ராஜா.

குழலி ஒரு குன்றிமணி கறுப்புப் பொடியைக் கல்வத்தில் போட்டாள். அதே எடைக்கு வெள்ளை அரிசிமாவு சேர்த்து அரைத்தாள். பிறகு இரண்டுக்கு இரண்டு, நாலுக்கு நாலு என்று மொத்தம் நூறு குன்றிமணி ஆகும்வரை சேர்த்துச் சேர்த்து அரைத்தாள். கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் எல்லாம் ஒரே சாம்பல் நிறமானது.

"இனி இதில் ஒரு குன்றிமணி நிறுத்தால், அதற்குள் மருந்து நூறில் ஒன்று."

"விஷம் எந்த மூலையில் ஒட்டியிருக்கிறதோ!" என்றார் நஞ்சுண்டர்.

"நியாயமான கேள்வி. ஐயா காட்டுகிற மூலையிலிருந்தே மகாராஜா நிறுத்துக் கொடுக்கட்டும், நான் சாப்பிடுகிறேன். ஐயா நகக்கண்ணில் எடுப்பதை ஐயா சாப்பிடட்டும்."

ராஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தானே நிறுத்துக் கொடுத்தான். குழலி விழுங்கினாள். ஒரு நாழிகை போயிற்று. "நாக்கு லேசாக மரத்தது, அவ்வளவுதான்" என்றாள்.

சபை முழுவதும் நஞ்சுண்டரின் நகத்தைப் பார்த்தது. அவர் ஓரடி பின்வாங்கினார்.

"இன்று எனக்கு ஏகாதசி விரதம்..."

"ஏகாதசி நேற்றுதானே ஓய்!" என்றான் ராஜா.

"பேரிலேயே நஞ்சை உண்டவர், இந்தத் துளிக்கா பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டாள் குழலி. சபை கொல்லென்று சிரித்தது. நஞ்சுண்டர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அதே பொடியில் ஒரு குன்றிமணி நிறுத்து இளவரசிக்குக் கொடுத்தாள் குழலி. சாயங்காலமே இழுப்பு நின்றது, குழந்தை கஞ்சி கேட்டாள். ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு குழலியை மருந்துச்சாலைக்கே தலைவியாக்கினான். நஞ்சுண்டர் கையில் மருந்தரைக்கும் குழவியைக் கொடுத்தான்.

மறுநாள் அவர் மூச்சு வாங்க அரைத்துவிட்டு நிமிர்ந்தார். குழலி கல்வத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஓரத்தில் ஒரு கறுப்பு தெரிகிறதே ஐயா. நகக்கண் அளவுதான். இன்னும் கொஞ்சம் அரையுங்கள்."