குதிரைக்கொட்டையும் மலையணிலும்

மலைச்சரிவுக் காட்டில் ஒரு மலையணில் இருந்தது. எந்தக் கொட்டை கிடைத்தாலும் மற்ற விலங்குகள் அதனிடம்தான் கொண்டுவரும். "தின்னலாம்", "தின்னக்கூடாது" என்று வாலை ஆட்டியபடி சொல்லிவிடும். அதற்கு மறுபேச்சே கிடையாது.

காட்டோரத்தில், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம் ஒன்று நின்றது. விரித்த கை போல இலைகள். முள்தோல் வெடித்தால் உள்ளே பளபளவென்று பழுப்புக் கொட்டை. இலை உதிர்ந்த இடத்தில் லாடம் போலவே ஒரு தழும்பு. ஆணி அடித்தாற்போலப் புள்ளிகள் வேறு! அதனால் எல்லாரும் அதைக் குதிரைக்கொட்டை மரம் என்றார்கள்.

ஒருநாள் மலையணில் அந்தக் கொட்டையைக் கடித்தது. வாயெல்லாம் கசந்தது. "த்தூ!" என்று துப்பியது. என்ன கொட்டை என்று தெரியாமல் ஏமாந்ததை யாராவது பார்த்தால் என்ன ஆவது? கடித்த கொட்டையைத் தன் பொந்தின் மூலையில் ஒளித்துவைத்தது.

பொந்துக்குள் குடியிருந்த சிலந்தி பார்த்துவிட்டது. "என்ன அண்ணே, கசப்பா?"

"உளறாதே! உன்னை விரட்டத்தான் கொண்டுவந்தேன். இந்தக் கொட்டை இருக்கும் இடத்தில் சிலந்தி தங்காது, தெரியுமா?"

"ஐயோ, பயமாக இருக்கிறதே!" என்று சிரித்த சிலந்தி, அந்தக் கொட்டையின் மேலேயே வலை கட்டியது.

சில நாள் கழித்து, சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரை செவந்தி இருமிக்கொண்டே வந்தது.

"அணிலாரே, இந்த இருமல் நிற்காவிட்டால் என்னைக் கீழே சமவெளிக்கு விற்றுவிடுவார்களாம். என் குட்டி இங்கே தனியாகிவிடும். குதிரைக்கொட்டை இருமலுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?"

மலையணிலுக்கு அது தெரியாது. ஆனால் கிளையெல்லாம் குரங்குகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. "தெரியாது" என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"பின்னே! மரத்திலேயே லாடம் பதிந்திருக்கிறதே, பார்க்கவில்லையா? குதிரைக்கென்றே காய்க்கிற கொட்டை அது!"

"கசக்காதா?"

"மருந்து இனிக்குமா? வயிறு நிறையத் தின்னு!"

செவந்தி தின்றது. மறுநாள் தள்ளாடியபடி அணிலைத் தேடி வந்து, அதன் மரத்தடியிலேயே விழுந்தது. கால்கள் வெடவெடவென்று நடுங்கின. குட்டி அதைச் சுற்றிச் சுற்றி வந்து கனைத்தது. குதிரைக்காரர் மருத்துவரைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"எதைத் தின்றது?" என்று கேட்டார் மருத்துவர்.

"புல்தானுங்க, டாக்டர்!"

"புல்லுக்கு இப்படி ஆகாதே! எதைத் தின்றது என்று தெரியாமல் நான் எந்த மருந்தைக் கொடுப்பேன்?"

மேலே மலையணில் கிளையோடு கிளையாக ஒடுங்கியது.

"அண்ணே, சொல்லுங்கள்!" என்றது சிலந்தி.

"நம் பேச்சு மனிதர்களுக்குப் புரியாதே!"

"பேச வேண்டாம். பொந்து மூலையில் ஒளித்த கொட்டையை எடுத்துப் போடுங்கள்."

"அதில் என் பல் பதிந்திருக்கிறது! எல்லாரும் பார்ப்பார்களே!"

"பார்க்கத்தான் செய்வார்கள்."

கீழே குட்டி மறுபடி கனைத்தது. மலையணில் வலையைக் கிழித்துக் கொட்டையை இழுத்தது. மருத்துவரின் காலடியில் எறிந்தது.

"அடடா, இதையா தின்றது? குதிரைக்கு இது விஷமாயிற்றே!" என்று பெட்டியைத் திறந்தார் மருத்துவர்.

ஒரு குரங்கு இறங்கிவந்து கொட்டையைப் புரட்டிப் பார்த்தது. "இது அணில் பல்லாச்சே! அப்படியென்றால் நீர் முன்பே கடித்துப் பார்த்திருக்கிறீர்!"

"ஆமாம். கசந்தது. துப்பிவிட்டு ஒளித்துவைத்தேன்."

யாரும் திட்டவில்லை. குரங்குகள் ஒவ்வொன்றாக எழுந்து போய்விட்டன. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மலையணிலுக்கு. வாலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

மருத்துவர் கொடுத்த மருந்தில் செவந்தி மெல்ல எழுந்தது. நன்றாக ஓய்வெடுத்ததில் இருமலும் நின்றது. விற்கும் பேச்சும் நின்றது.

பிறகொரு நாள் குட்டி ஏதோ ஒரு சிவப்புப் பழத்தோடு வந்தது. "அணில் மாமா, இதைத் தின்னலாமா?"

அதன் முகத்தைப் பார்க்க மலையணிலால் முடியவில்லை. "எனக்குத் தெரியாது, கண்ணு. தின்னாதே" என்றது.

தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவர், அதைவிடப் பெரிய வெட்கத்தைப் பின்னால் சுமக்க நேரும்.