அன்னத்தின் கழுத்து

“அம்மா, புத்தகம் பொய் சொல்லுமா?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடி கேட்டார் பிச்சாண்டி.

“செருப்பைக் கழட்டுங்கண்ணே. அதுவும் உள்ள வந்து படிக்கவா போவுது?” என்றார் செங்கமலம்.

பிச்சாண்டிக்கு ஐம்பத்தெட்டு வயது. சுவரில் சித்திரம் எழுதுகிறவர். செங்கமலத்துக்கு முப்பத்துமூன்று. அவர்தான் குரு.

அதில் யாருக்கும் சங்கடம் இல்லை. அந்த ஊரில் ஒழுங்காகக் கோடு இழுக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் செங்கமலத்தின் முன்னால் சம்மணம் போட்டவர்கள்தாம். வீடு முழுக்க, பார்த்து வரைவதற்கான வடிவப் புத்தகங்கள். கம்பளத்துப் பூவெல்லாம் ஒரு அலமாரி. சேலைக் கரையெல்லாம் ஒரு அலமாரி. பறவையும் மிருகமும் இன்னொன்று. நடுவில் ஒரு பாய். பாயில் குரு.

குருவிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரைப் பற்றிப் பேசினாலும் அவர் குரலிலேயே பேசிக் காட்டுவார். ஊர்த் தலைவரின் இருமலிலிருந்து பால்காரரின் சைக்கிள் மணிவரை அந்தத் தொண்டைக்குள் போய் வராதது எதுவுமில்லை.

“சொல்லுங்க, என்ன ஆச்சு?”

“என் கை போச்சும்மா.”

நீட்டிக் காட்டினார். கை நன்றாகத்தான் இருந்தது. நகக்கண்ணில் கொஞ்சம் பச்சை வண்ணம்.

“கல்யாண மண்டபத்துச் சுவர்ல அன்னம் எழுதினேன். மணமேடைக்குப் பின்னாடி, ஆள் உயரத்துக்கு. தாமரைக் குளத்துல குனிஞ்சு தண்ணி குடிக்கிற அன்னம். மானேஜர் தருமலிங்கம் வந்து பார்த்தாரு. பார்த்துட்டு…”

நகத்துப் பச்சையைச் சுரண்ட ஆரம்பித்தார்.

செங்கமலம் மூக்கை விடைத்து, வயிற்றை முன்னே தள்ளி, “ஏம்ப்பா பிச்சாண்டி! இது என்ன, அன்னமா, ரெக்கை முளைச்ச பூசணிக்காயா?” என்றார்.

பிச்சாண்டி பதறிப்போய் வாசலைத் திரும்பிப் பார்த்தார். தருமலிங்கம் அங்கே இல்லை.

“நீங்க மண்டபத்துக்கு வந்திருந்தீங்களாம்மா?”

“இல்லையே. அந்த ஆளு வேற என்ன சொல்லியிருப்பாரு?”

“பூசணிக்காய்னு சொல்லலை. தவளைன்னாரு.”

“பாவம், தவளைக்குக் கேட்டிருக்காது.”

தருமலிங்கம் அதோடு விடவில்லை. நாளைக் காலைக்குள் சரிசெய்யாவிட்டால் சுவர் முழுக்க வெள்ளை அடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். சுண்ணாம்பு வாளி மேடையோரத்தில் வந்து உட்கார்ந்தும் விட்டது.

“அடிக்கட்டும்மா. அன்னத்துக்காக அழ வரலை,” என்றார் பிச்சாண்டி. “நான் சரியாத்தான் எழுதறேன். ஆனா முடிச்சுட்டுத் தள்ளி நின்னு பார்த்தா வேற என்னமோ நிக்குது. எந்த இடத்துல சறுக்குதுன்னே தெரியலை. வயசாயிருச்சு, கை போயிருச்சு, அவ்வளவுதான். இதை உங்க காலடியில வச்சிட்டுப் போயிடலாம்னு வந்தேன்.”

மடியிலிருந்து பிரஷ் கட்டு ஒன்றை எடுத்துப் பாயின் ஓரத்தில் வைத்தார்.

குரு அதைத் தொடவில்லை.

“இதுக்கு முன்னாடி சறுக்கினதே இல்லையா?”

பிச்சாண்டி யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் தொங்கியது.

சத்திரத்துச் சுவரில் அவர் எழுதிய யானைக்கு வயிறு கிடையாது. முன்காலும் பின்காலும் ஒட்டிக்கொண்டு, பேருந்தில் இடமில்லாமல் நிற்பதுபோல நிற்கும். மருந்துக்கடைச் சுவரில் நடனமாடுகிற பெண்ணுக்கு மூக்கு காணாமல் போய், இரண்டு கண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குசலம் விசாரித்துக்கொண்டிருக்கும். ஊர்க்காரர்கள் அதைப் பிச்சாண்டியின் பாணி என்று நினைத்துக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு ரசிகர் அந்த யானையின் முன்னால் வெகுநேரம் நின்று, “என்ன ஒரு துணிச்சல்!” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“அப்ப, கை போயி ரொம்ப காலமாச்சு,” என்றார் பிச்சாண்டி. குரல் பாயைத் தாண்டவில்லை.

“புத்தகத்தைக் காட்டுங்க.”

பையிலிருந்து தன் வடிவப் புத்தகத்தை எடுத்தார். பட்டுத் துண்டில் சுற்றியிருந்தது. பிரித்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாங்கிய நாளிலிருந்து அட்டைமுனை மடங்காத புத்தகம்.

திறந்தார். திறந்தார் என்றால், பல்வலிக்காரர் வைத்தியரிடம் வாயைத் திறப்பாரே, அப்படி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துக்கொள்கிற அளவுக்கு மட்டும்.

“இன்னும் விரிங்கண்ணே.”

“தையல் விட்டுரும்மா!”

“அப்ப எப்படிப் படி எடுக்கிறீங்க?”

“இந்தப் பக்கத்துக்கு ஒரு எண்ணெய்த்தாள். அந்தப் பக்கத்துக்கு ஒரு எண்ணெய்த்தாள். தெரியற கோட்டையெல்லாம் அப்படியே எடுத்துட்டு ரெண்டு தாளையும் ஒட்டி, கட்டம் போட்டுச் சுவர் அளவுக்குப் பெரிய தாள்ல எழுதிருவேன். ஒரு மயிரிழை பிசகாது.”

“அன்னம் எந்தப் பக்கத்துல இருக்கு?”

“குளம் வேற புத்தகத்துல. அன்னம் ரெண்டு பக்கத்துலயும். உடம்பு இதுல. தலை அதுல.”

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பெரிய அன்னம் அல்லவா.

செங்கமலம் குனிந்து, புத்தகத்தின் அந்த ஒடுங்கிய வாய்க்குள் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டார். தொண்டை அடைத்த மாதிரி ஒரு குரல் வந்தது.

“அண்ணே… எட்டலைண்ணே.”

“என்னம்மா?”

“தண்ணி எட்டலைண்ணே. நானும் குனிஞ்சு குனிஞ்சு பார்க்கிறேன். தாமரை வாசம் மட்டும்தான் வருது.”

பிச்சாண்டி இதுவரை எந்த அன்னமும் பேசிக் கேட்டதில்லை. ஆனாலும் இது தன்னுடைய அன்னம்தான் என்பதில் அவருக்குத் துளி சந்தேகமும் வரவில்லை.

“நான் என்னம்மா செய்ய?” என்று அன்னத்திடமே கேட்டார்.

அன்னம் மறுபடி குருவாகிவிட்டது.

குரு எழுந்தார். பிச்சாண்டியின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். திறந்த வாக்கில் பாயின்மேல் கவிழ்த்து வைத்தார்.

உட்கார்ந்தார்.

அதன்மேல்.

‘மளுக்’ என்றது புத்தகம்.

“ஐயோ, சரஸ்வதி தாயே!”

பிச்சாண்டியின் கை தானாகப் போய்ப் பாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. குருவுக்கும் சேர்த்து இரண்டு தடவை.

செங்கமலம் இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம் அசைந்து வசதி பண்ணிக்கொண்டார்.

“பாயே தேவலை,” என்றார்.

பிறகு எழுந்து, புத்தகத்தைத் திருப்பிப் போட்டார். அது வெயிலில் காய்கிற கருவாடு மாதிரி மல்லாந்து கிடந்தது. வாங்கியதிலிருந்து முதல்முறையாக.

பிச்சாண்டி முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். விரல் இடுக்கு வழியாகப் பார்த்தார்.

விரலை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

இந்தப் பக்கத்து உடம்பிலிருந்து கழுத்து கிளம்பி நடுமடிப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துத் தலை மடிப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே, இத்தனை காலமும் தையலுக்குள் புதைந்து கிடந்த காகிதம். மூன்று விரல் அகலம்.

“அம்மா!”

“ம்.”

“இவ்வளவு தூரம் இருக்கு!”

“ம்.”

“இங்க மூணு விரல்னா, சுவர்ல ஒண்ணரை முழம்மா!”

“ம்.”

“அப்ப என் கை…?”

“உங்க கைக்கு என்ன? இருந்ததை எழுதியிருக்கு. நீங்க திறந்து காட்டின வரைக்கும்.”

பிச்சாண்டி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளையைக் கடைவீதியில் பிடித்துவிட்டவர்போல இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு பெருமூச்சு வந்தது. அலமாரித் தாள்களெல்லாம் சலசலக்கிற அளவுக்குப் பெரிய மூச்சு.

அதன்பின் சிரிப்பு.

“யானை வயிறு! அந்தப் பொண்ணோட மூக்கு! அம்மா, எல்லாம் இந்தப் பள்ளத்துக்குள்ளதான் விழுந்து கிடந்திருக்கு! அந்த வெளியூர்க்காரரு துணிச்சல்னு சொன்னாரும்மா!”

“துணிச்சல்தான். வயிறே இல்லாம இத்தனை வருஷம் நிக்குதே.”

இருவரும் சிரித்தார்கள். பிச்சாண்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டே, ஆசையோடு மறுபடி குனிந்து பார்த்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

“அம்மா. கழுத்தைக் காணோமே.”

மூன்று விரல் காகிதமும் வெறும் வெள்ளை. தைப்பதற்கு இடம் விட்டு அச்சடித்திருந்தார்கள். வரிசையாக ஊசித் துளைகள். காய்ந்த பசை. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு பூச்சி. அவ்வளவுதான்.

“வேற பிரதியில இருக்குமா?”

“அதையும் தைக்கணுமில்லண்ணே.”

“அப்ப நான் எதைப் பார்த்து எழுத?”

குரு பாயோரத்திலிருந்து பிரஷ் கட்டை எடுத்து அவர் கையில் வைத்தார். வைத்துவிட்டு, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டார்.

“அண்ணே… தாகமா இருக்குண்ணே.”

பிச்சாண்டி செருப்பை மறந்துவிட்டு ஓடினார்.

மண்டபத்தில் ஆள் இல்லை. சாயங்கால வெளிச்சம் சன்னல் வழியாக மேடைவரை வந்திருந்தது. தருமலிங்கத்தின் சுண்ணாம்பு வாளி அப்படியே இருந்தது. அதுவும் நல்லதாய்ப் போயிற்று. ஒரு குத்துச் சுண்ணாம்பு எடுத்து அன்னத்தின் தலையை மட்டும் அழித்தார். காயும்வரை விசிறினார். பெரிய தாளிலிருந்து தலையை மட்டும் கத்தரித்து, ஒண்ணரை முழம் தள்ளி, குளத்தோரம் வைத்து, அலகு தண்ணீரில் படுகிற மாதிரி எழுதி முடித்தார்.

இங்கே உடம்பு. அங்கே தலை.

நடுவே வெள்ளைச் சுவர்.

பிரஷைத் தூக்கினார். பார்த்து எழுதத் தாள் இல்லை. இறக்கினார். மறுபடி தூக்கினார். மறுபடி இறக்கினார். சுவர் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டார். கண்ணை மூடினார். தாகமாக இருந்தது. மெதுவாக, ரொம்ப மெதுவாக, கழுத்தை நீட்டினார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். முதுகு வளைந்தது. தோள் இறங்கியது. உதடு குவிந்து தண்ணீரைத் தேடிப் போனது.

கையும் கூடவே போனது.

மறுநாள் காலை தருமலிங்கம் வந்தார். மேடைக்கு எதிரே நின்றார். மேடையின்மேல், உடம்பெல்லாம் வண்ணத்தோடு பிச்சாண்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அன்னம் குடித்துக்கொண்டிருந்தது.

தருமலிங்கம் சுண்ணாம்பு வாளியைக் காலால் மெதுவாக ஓரம் தள்ளினார். மூக்கை விடைத்தார். வயிற்றை முன்னே தள்ளினார்.

“ஏம்ப்பா பிச்சாண்டி!”

பிச்சாண்டிக்கு ஒரு கணம் குருதான் வந்துவிட்டாரோ என்று தோன்றியது.

“இந்தக் கழுத்து எந்தப் புத்தகத்துலப்பா இருக்கு?”

பிச்சாண்டி பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

மூடினார்.

கழுத்தை நீட்டினார். நிதானமாக ஒரு மிடறு விழுங்கினார். அடைப்பே இல்லாத ஒரு குரல் வந்தது.

“எட்டிருச்சுண்ணே.”