பரமகுரு வீட்டு ஆவாரை

அம்பாசமுத்திரத்துக்கு முத்துச்செல்வியைப் பெண் பார்க்க வந்தவர்கள் விளாத்திகுளம் பக்கத்துக்காரர்கள். எந்த ஊர் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அது வேண்டாம். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. அவன் அம்மா ஃபேனுக்கு நேர் கீழே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பேசியதெல்லாம் மாப்பிள்ளையின் அப்பா பரமகுருதான். செல்விக்கு மாப்பிள்ளை முகம் பிடித்திருந்தது. அதனால் காபி கொடுத்த பிறகும் உள்ளே போகாமல் கதவோரமாக நின்று கேட்டாள்.

"வீட்டு முன்னால தோட்டம் போட்டிருக்கேன். பூரா ஆவாரஞ்செடி. நட்ட அன்னைக்கு ஒரு செம்புத் தண்ணி ஊத்துனதோட சரி. பூத்துத் தள்ளுது. அந்த மஞ்ச வெளிச்சத்துல சேவலுக்கு ராத்திரி எது, விடியல் எதுன்னு தெரியல. எந்நேரமும் கூவுது."

செல்வியின் தாய்மாமன் பேச்சிமுத்து முறுக்கைக் கடித்துக்கொண்டே, "கோடையில வாடாதா அண்ணாச்சி?" என்றார்.

"வாடுறதா? போன சித்திரையில இவ தெரியாம அரிசி களைஞ்ச தண்ணியை ஊத்திட்டா. செடிக்கு ரோஷம் வந்துட்டு. ஒரு மொட்டு விரியணுமே! நான் போயி மன்னிப்புக் கேட்ட பெறகுதான் பூத்துச்சு."

"நல்ல வேளை, கால்ல விழச் சொல்லல."

பரமகுரு அதைக் காதில் வாங்கவில்லை. "சர்க்கரைக்கு அந்தப் பூவை மிஞ்சி மருந்து உண்டாவே? ஒரு பை நிறையப் பறிச்சுக்கிட்டு பஸ்ல போனேன். பஸ்ஸு ஒரு மிட்டாய்க் கடை முன்னால நின்னுச்சு. பூ வாசம் பட்டதும் கடையில இருந்த அல்வா பூரா சப்புன்னு போச்சு. கடைக்காரன் என்னைய அடிக்க வந்துட்டான்."

"அப்ப வேரு?"

"வேரு மேற்க பாத்துக் கெளம்பி உங்க தாமிரவருணி வரைக்கும் வந்துட்டுவே. ஒரு சொட்டுக் குடிக்கணுமே! பாத்துட்டு, நமக்கெதுக்குன்னு திரும்பிட்டு."

"அம்புட்டுத் தூரம் வந்தது, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போயிருக்கலாம்."

"சிரிக்காதீரும். மழை மேகமே செடியைப் பாத்துட்டு, இங்க நமக்கு வேலையில்லன்னு விலகிப் போயிருது. ஏழு வருஷமா எங்க ஊர்ல மழை இல்லன்னா சும்மாவா?"

செல்வி கதவை விட்டு முன்னால் வந்தாள். "அப்ப நீங்க குடிக்கத் தண்ணி, மாமா?"

பரமகுரு ஆறிப்போன காபியை ஊதிக் குடிக்க ஆரம்பித்தார். பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது.

"லாரி மெயின் ரோட்டுல நிக்கும்மா. அங்கேருந்து நாந்தான் சுமக்கேன். இப்ப இடுப்பு விட்டுப்போச்சு. அதான் பொண்ணு பாக்க வந்திருக்கோம்."

செல்வி மாப்பிள்ளையைப் பார்த்தாள். "நீங்க தூக்க மாட்டீங்களா?"

அவன் தன் அப்பாவைப் பார்த்தான். அவளுக்குப் பிடித்திருந்த முகம் அந்த நொடியில் பிடிக்காமல் போயிற்று.

காபி தம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "மாமா, அந்தச் செடியையே இவுகளுக்குக் கட்டி வச்சிருங்க. கூடவே இருந்தா, பழகப் பழக உங்களுக்கும் தண்ணி வேண்டியிருக்காது."