மணல் திட்டில் செந்நாய்க் காவல்

ஒரு காட்டு ஏரியின் நடுவே மணல் திட்டு ஒன்று இருந்தது. செம்மணி என்ற ஆள்காட்டிப் பறவை தன் இனத்தாரோடு அங்கே வாழ்ந்தது. ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும்.

கோடையில் ஏரி வற்றினால் போதும், அக்கரை நரிகள் நடந்தே வந்துவிடும். முட்டைகளும் போகும், முயல் குட்டிகளும் போகும்.

அப்படி ஏரி வற்றிய ஒரு கோடை நாளில் மலைக்காட்டுச் செந்நாய்கள் கூட்டமாக வந்தன.

"நரிகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்! தங்குவதற்குக் கொஞ்சம் இடம் போதும்" என்றது தலைவன் வீரவாலன்.

எல்லோருக்கும் மகிழ்ச்சி. நரியிடம் முட்டைகளைப் பறிகொடுத்திருந்த செம்மணிக்கும்தான்.

நரிகளின் வரத்து நின்றது. ஆனால் அந்தக் கொஞ்ச இடம் நாளுக்கு நாள் பெரிதானது. ஒரு மதியம் இளம் செந்நாய்கள் ஒன்றையொன்று துரத்தி விளையாடின. செம்மணியின் முட்டைகள் மிதிபட்டு நொறுங்கின.

செம்மணி உடைந்த ஓடுகளை அலகால் ஒன்றாகச் சேர்த்தது. பிறகு வீரவாலனிடம் போனது.

"தலைவரே, உங்கள் ஆட்கள் என் முட்டைகளை மிதித்துவிட்டார்கள்!"

"அப்படியா? எங்கள் பிள்ளைகள் செய்த தவறை எங்கள் மலைக்குப் போய் நாங்களே விசாரித்துக்கொள்வோம்."

"முட்டை உடைந்தது இங்கே அல்லவா?"

வீரவாலன் கொட்டாவி விட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

"அவர்கள் தின்றது போக மிச்சம் எனக்குத்தான் கிடைக்கிறது. கெடுத்துவிடாதே!" என்றது அருகில் இருந்த காகம்.

முயல் தயங்கித் தயங்கிப் பேசியது. "உன் வேதனை எனக்குப் புரிகிறது அக்கா. ஆனால் இவர்கள் போய்விட்டால் என் குட்டிகளை நரி விட்டுவைக்குமா?"

அதுவும் நியாயம்தான் என்று செம்மணிக்குத் தோன்றியது. "நான் போகச் சொல்லவில்லை, தங்கச்சி. நம் இடத்தில் இருப்பவர்கள் நம் பேச்சையும் கேட்கட்டும் என்கிறேன்."

யாரும் கேட்கவில்லை. ஆள்காட்டிகள் திட்டை விட்டுக் கிழக்குக் கரைக்குக் குடிபோயின.

சில நாள் கழித்து, பொழுது சாயும் வேளையில் நாணல் அசைந்தது. நரி! முன்பெல்லாம் திட்டில் இருக்கும் ஆள்காட்டிகள் தூரத்திலேயே கண்டு கத்தும். செந்நாய்கள் துள்ளி எழும். இன்று சத்தமே இல்லை. செந்நாய்கள் நன்றாகத் தூங்கின.

நரி முயல் வளையை நோக்கிப் பதுங்கிப் போவதைக் கரையிலிருந்து செம்மணி பார்த்தது. அதற்கு மனம் கேட்கவில்லை. கத்திக்கொண்டே திட்டை நோக்கிப் பறந்தது. செந்நாய்கள் விழித்துப் பாய்ந்தன. நரி தப்பி ஓடியது.

முயல் நேரே வீரவாலன் முன்னால் போய் நின்றது.

"நீங்கள் தூங்கினீர்கள் ஐயா! என் குட்டிகளைக் காப்பாற்றியது அக்காதான். அவளுக்கு நியாயம் கிடைக்காத இடத்தில் நாளை எனக்கு மட்டும் கிடைக்குமா?"

வீரவாலன் எழுந்து தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது.

"எங்களுக்கு வடக்கு ஓரம் போதும். எங்கள் பிள்ளைகள் தவறு செய்தால், இனி இந்தத் திட்டிலேயே நீங்கள் விசாரியுங்கள்" என்றது.

கூட்டத்திலிருந்து ஓர் இளம் செந்நாய் தலையைத் தொங்கப்போட்டபடி வெளியே வந்தது. எல்லோரும் பார்க்கச் செம்மணியின் முன்னால் படுத்தது.

"பார்க்காமல் ஓடி முட்டைகளை மிதித்துவிட்டேன், அம்மா" என்றது.

காவலுக்கு வந்தவராக இருந்தாலும், அந்த மண்ணில் வாழ்பவர்களின் நியாயத்துக்குக் கட்டுப்பட்டால்தான் அது காவல். இல்லையென்றால் அதுவும் ஓர் ஆபத்தே.