துயிலாத மடிக்கணினி

மடிக்கணினிகள் செங்கல்லாய்க் கனத்த அந்த நாளில், தரமணியில் இயங்குதளம் உருவாக்கும் ஒரு நிறுவனத்தில் தற்காலிகச் சோதனையாளராக இருந்தாள் அங்கயற்கண்ணி. மூடியைச் சாத்தியதும் கணினி, பாற்கடலில் பள்ளிகொண்டவனைப் போல் அறிதுயிலில் ஆழ வேண்டும். தலைமைப் பொறியாளர் சிதம்பரநாதன், இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் செய்த புது மாற்றம் அந்தத் துயிலைக் கெடுத்து மின்கலத்தைக் குடிக்கிறது என்றாள் அவள்.

“ஏம்மா, நேத்து வந்துட்டு நான் எழுதின புரோகிராம் கோடுல குத்தமா? கணக்கு காட்டாதே, கணினியைத் திறக்காதே. அப்படி நிரூபி பார்க்கலாம்! இல்லேன்னா சாயங்காலம் இது வெளியாகும், நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்.”

“சரிங்க சார்.”

பிற்பகல் கூட்டத்தில், மூடிய இரண்டு மடிக்கணினிகளை அவர் முன் வைத்தாள். குளிர்சாதனத்தையும் நன்றாகக் கூட்டிவிட்டாள். அவர் தம் பெருமையைப் பேசப் பேச, விறைத்த கைகள் தாமாகவே ஒரு கணினியின் மேல் போய் அமர்ந்தன.

“சார், அதையே ஏன் பிடிச்சுக்கிட்டீங்க?”

“குளிருக்கு இதமா இருக்கும்மா.”

“உங்க மாற்றம் அதுலதான் சார் இருக்கு. சாப்பாட்டுக்கு முன்னாடியே மூடினேன், இன்னும் தூங்கல. பக்கத்துல இருக்கறது பழைய கெர்னல், தொட்டுப் பாருங்க.”

அது சில்லென்றிருந்தது. அறையே சிரித்தது. முன்பு சரியாக ஓடியதைக் கெடுக்கும் மாற்றத்தை முதலில் திரும்பப் பெற வேண்டும், வாதம் பிறகுதான் என்பது அங்கே வழக்கம். அவரும் சிரித்துவிட்டுத் திரும்பப் பெற்றார்.

இன்று அவளே தலைமைப் பொறியாளர். மெலிந்துபோன இக்காலக் கணினியை மூடினாலும், காய்ச்சல் பார்ப்பதுபோல் உள்ளங்கையை வைக்கிறாள். சூடு தட்டினால் மெல்லக் கேட்கிறாள்: “சிதம்பரநாதன் சார், இன்னும் தூங்கலையா?”